பெயரை மறையுங்கள், கணக்கைச் சொல்லுங்கள்

ஆனி பிறந்து சாரல் இறங்கிவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் ஐந்தாறு கிலோமீட்டர் பாதை திருவிழாத் தெருவாகிவிடும். பேரருவியில் குளித்தோர் அறிவர்: அங்கே பாதுகாப்பு வளைவு ஒன்று உண்டு. தண்ணீர் அவ்வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால், காவலர் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றுவர். குளிக்கத் தடை என்று அறிவிப்பு வரும். நூறு மைல் வண்டி பிடித்து வந்தவரும் தலையில் தடவிய எண்ணெயோடு திரும்ப வேண்டியதுதான். கடைக்காரர் முகம் வாடும், விடுதிக்காரர் முணுமுணுப்பார். ஆயினும், “விசில் ஊதாதீர், ஊரின் பெயர் கெட்டுவிடும்” என்று எவரும் சொன்னதாக நாம் கேட்டதில்லை. 2024ஆம் ஆண்டு மே 17ஆம் நாள், மலைமேல் பெய்த மழை பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளமாய் இறங்கி, பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. சில நிமிட முன்னறிவிப்பின் விலை என்னவென்று அதன்பின் இப்பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அருவிக்கு உள்ள இந்த விசில், நம் பிள்ளைகள் படிக்கச் செல்லும் கல்விக்கூடங்களுக்கு உண்டா? இக்கேள்வி நம்மைச் சில காலமாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது.

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் பங்குத்தந்தையின் இல்லம் ஓர் அலுவலகமாகிவிடும் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்கள் நன்கறிவர். ஞானஸ்நானச் சான்று ஒருவருக்கு, பரிந்துரைக் கடிதம் மற்றொருவருக்கு, “எந்தக் காலேஜ் நல்லது சாமி?” என்ற கேள்வி எல்லாருக்கும். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு தாயும் மகளும் வந்தனர். தாய் பீடித் தட்டை மடியில் வைத்தே மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். தந்தை கேரளத்தில் கூலி வேலை செய்பவர். அரசுப் பள்ளியில் படித்த மகள் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். அரசு 2022ஆம் ஆண்டு தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் திங்கள்தோறும் வரும் ஆயிரம் ரூபாயையும் கணக்கிட்டு, வெளியூர் விடுதியில் சேர்க்கத் துணிந்திருந்தனர். கல்லூரிகளின் கையேடுகளை மேசைமேல் பரப்பினர். தேர்ச்சி விழுக்காடு இருந்தது, வேலைவாய்ப்பு விவரம் இருந்தது, நூலகத்தின் நூல்கள் எத்தனை என்பதும் இருந்தது.

“பிள்ளைக்கு அங்க பயமில்லையே சாமி?” என்றார் தாய். அதற்கு விடை எந்தக் கையேட்டிலும் இல்லை.

தாய் சான்றிதழ்களை நகலெடுக்கக் கடைக்குச் சென்றிருந்த வேளையில், மகளிடம் நாம் சற்று நேரடியாகவே கேட்டோம்: “ஏதேனும் தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்வாய், அம்மா?” அவள் தயங்கவேயில்லை. “யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் ஃபாதர். வீட்டுல தெரிஞ்சா படிப்ப நிறுத்திருவாங்க” என்றாள். குற்றம் நடக்குமுன்னரே அதை மறைப்பதற்கு ஒரு பதினேழு வயதுப் பெண் ஆயத்தமாகிவிட்டாள்! அவளைக் குறைகூற நமக்கு நா எழவில்லை. அவள் நம் சமுதாயத்தைச் சரியாகக் கணித்திருந்தாள்.

அவள் நினைவில் இருந்தது எந்நிகழ்ச்சி என்று சொல்லத் தேவையில்லை. 2024 டிசம்பர் 23ஆம் நாள், கிறிஸ்து பிறப்புக்கு இரு நாள்களுக்கு முன்னர், சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் தன் நண்பரோடு பேசிக்கொண்டிருந்த மாணவி ஒருவரை, பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாத வெளியாள் ஒருவன் மிரட்டி வன்கொடுமை செய்தான். அவன் ஏந்திய ஆயுதம் அவமானம் பற்றிய அச்சமே. அம்மாணவி அவ்வச்சத்தை மீறிப் புகார் செய்தார். அதனாலேயே அவன் பிடிபட்டான். 2025 மே 28ஆம் நாள் சென்னை மகளிர் நீதிமன்றம் அவனைப் பதினொரு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி எனத் தீர்த்தது. ஜூன் 2ஆம் நாள், முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. ஐந்தரைத் திங்களில் நீதி! நம் நாட்டில் இது அரிது.

ஆயினும் இடையில் நடந்ததை மறக்கவியலாது. மாணவியின் அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை காவல்துறையின் இணையதளம் வழியாக வெளியே கசிந்து, கைப்பேசி கைப்பேசியாக ஊரெங்கும் பரவியது. முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்தில் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு ஆணையிட்டது நல்ல நோக்கத்தோடுதான்; குற்றம் சாட்டப்பட்டவன் தன்மீதுள்ள குற்றச்சாட்டை அறிய வேண்டுமன்றோ? ஆனால் பாலியல் குற்ற வழக்குகளுக்கு அவ்வாணையிலேயே விலக்கு உண்டு. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவும் கூறுகிறது. இவ்வளவு வேலி இருந்தும் பெயர் வெளியேறிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 டிசம்பர் 28ஆம் நாள், மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. கசிவுக்காக அம்மாணவிக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. அறிக்கை எழுதப்பட்ட முறையே பாதிக்கப்பட்டவரைக் குறைகூறும் தொனியில் உள்ளதென்றும் கடிந்துகொண்டது.

தானியேல் ஆகமத்தின் 13ஆம் அதிகாரத்தில் வரும் சூசன்னாவின் வரலாற்றைக் குருமடத்தில் நாம் படித்த காலத்தில், அதைப் பழங்காலத்துக் கதை என்றே எண்ணினோம். தோட்டத்தில் தனித்திருந்த பெண்ணை மூப்பர் இருவர் மிரட்டினர்: இணங்காவிட்டால், நீ ஓர் இளைஞனோடு இருந்தாய் என்று சாட்சி சொல்வோம் என்று. அவள் கூக்குரலிட்டாள். ஊர் கூடியது, முதலில் மூப்பரைத்தான் நம்பியது. பாபிலோனியத் தோட்டத்துக்கும் கிண்டி வளாகத்துக்கும் இடையே உள்ள தொலைவு நாம் எண்ணியதைவிடக் குறைவு போலும்.

இங்கேதான் நம் நாட்டின் முறை தலைகீழாக இருப்பதைக் காண்கிறோம். மறைக்க வேண்டியது பாதிக்கப்பட்டவரின் பெயர்; அது எப்படியோ வெளியாகிவிடுகிறது. வெளியிட வேண்டியது, ஒரு வளாகத்தில் இன்னின்ன குற்றங்கள் இத்தனை நடந்தன என்ற கணக்கு. அது எப்படியோ மறைந்துவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் மாநிலவாரியாகவும் பெருநகரவாரியாகவும் கணக்குத் தருகிறது. ஆனால் இந்தக் கல்லூரி, இந்தப் பல்கலைக்கழகம் என்று பெற்றோர் தேடிப் பார்க்கும் வகையில் அதில் ஏதுமில்லை.

அமெரிக்காவில் இக்கணக்கு பிறந்த வரலாறு ஒரு தாய் தந்தையின் கண்ணீரில் தொடங்குகிறது. பென்சில்வேனியா மாநிலத்தின் லீஹை பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பயின்ற ஜீன் கிளெரி என்னும் 19 வயது மாணவி, 1986 ஏப்ரல் 5ஆம் நாள் தம் விடுதி அறையிலேயே சக மாணவன் ஒருவனால் கெடுத்துக் கொல்லப்பட்டார். தாமாகப் பூட்டிக்கொள்ளும் கதவுகளை, வந்துபோகும் வசதிக்காக யாரோ பெட்டிகளை இடுக்கித் திறந்தே வைத்திருந்தனர். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் அவ்வளாகத்தில் 38 வன்குற்றங்கள் நிகழ்ந்திருந்தன என்று பெற்றோர் பின்னரே அறிந்தனர். தெரிந்திருந்தால் மகளை அங்கே அனுப்பியிருப்பார்களா? அனுப்பியிருந்தாலும், கதவைப் பூட்டிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்களா? அவர்கள் வழக்காடிப் பெற்ற பணத்தைக் கொண்டே இயக்கம் தொடங்கினர். 1990ஆம் ஆண்டு சட்டம் வந்தது. 1998 முதல் அது அம்மாணவியின் பெயரையே தாங்கியிருக்கிறது.

அச்சட்டத்தின்படி, மத்திய அரசின் மாணவர் உதவித்தொகை பெறும் ஒவ்வொரு கல்விக்கூடமும், கடந்த மூன்றாண்டுக் குற்றக் கணக்கை ஆண்டுதோறும் அக்டோபர் முதல் நாளுக்குள் வெளியிட வேண்டும். வளாகக் காவலர் அன்றாடக் குற்றப் பதிவேடு வைத்து, கேட்போருக்கெல்லாம் காட்ட வேண்டும். ஆபத்து தொடரும் நிலையிருந்தால் மாணவர் அனைவரையும் உரிய வேளையில் எச்சரிக்க வேண்டும். அவ்வெச்சரிக்கையில் பாதிக்கப்பட்டவரின் பெயர் வரலாகாது. கணக்கை மறைத்தால் அபராதம். லிபர்ட்டி பல்கலைக்கழகம், கிறிஸ்தவ நெறியில் நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நிறுவனம், 2024ஆம் ஆண்டு 140 இலட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. கிறிஸ்துவின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டால் பதிவேடு தானே நேராகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் இருந்தும் எச்சரிக்கை தாமதித்தால் என்னவாகும் என்பதை 2007 ஏப்ரல் 16 காட்டியது. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக விடுதியில் காலை ஏழேகால் மணி அளவில் இருவர் சுடப்பட்டனர். அது தனிப்பட்ட பகை, சுட்டவன் வெளியேறியிருப்பான் என்று காவலர் எண்ணினர். மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் சென்றது 9 மணி 26 நிமிடத்துக்கு. அதிலும் ஒரு துப்பாக்கிச் சூடு நடந்தது, கவனமாயிருங்கள் என்றுதான் இருந்ததே தவிர, கொலைகாரன் இன்னும் பிடிபடவில்லை என்ற சொல் இல்லை. 9.40 மணி அளவில் அவன் நாரிஸ் கட்டடத்தில் நுழைந்து மேலும் முப்பது பேரைக் கொன்றான். அவர்களில் ஒருவர் நம்மவர்: கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்து, கான்பூரிலும் பர்டியூவிலும் உயர்கல்வி கற்று, நீரியல் பேராசிரியராக விளங்கிய ஜி. வி. லோகநாதன். அன்று காலையும் அவர் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். இடையில் கழிந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு தெளிவான செய்தி வந்திருக்குமானால்! கல்வித்துறை பின்னர் அப்பல்கலைக்கழகத்துக்கு அபராதம் விதித்தது. அடுத்த ஆண்டே, உடனடி ஆபத்தைத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்று சட்டமும் இறுக்கப்பட்டது.

கோயில் மணியோடு வாழ்வோருக்கு இது புரியாத செய்தியன்று. திருப்பலிக்கு ஒரு மணி, மூவேளைச் செபத்துக்கு ஒரு மணி, மரித்தோருக்கு ஒரு மணி என்று நம் சிற்றூர்களில் குழந்தையும் வேறுபாடு அறியும். நேரம் தப்பி மணி விடாமல் ஒலித்தால் குடத்தோடு ஓடிவர வேண்டும் என்பதும் தெரியும். அதை அடிக்க உபதேசியார் பங்குத்தந்தையின் உத்தரவுக்காகக் காத்திருப்பதில்லை. தீயைக் கண்டவர் கயிற்றைப் பிடிப்பார். நம் பல்கலைக்கழகங்களில் கயிறு யார் கையில்? விடுதிக் காப்பாளர் துறைத்தலைவரைக் கேட்டு, அவர் பதிவாளரைக் கேட்டு, பதிவாளர் துணைவேந்தரைத் தேடி, அவர் “பத்திரிகைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று பணிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். 112 என்ற அவசர எண்ணும், 181 என்ற மகளிர் உதவி எண்ணும், காவல் உதவி செயலியும் ஆபத்தில் சிக்கியவரின் குரலைக் காவலரிடம் கொண்டுசேர்க்கின்றன, நல்லதே. ஆனால் அடுத்த விடுதியில் இருப்பவரை அவை எச்சரிப்பதில்லை. 2023ஆம் ஆண்டு மத்திய அரசு சோதனையாக அனுப்பிய பேரிடர் எச்சரிக்கையால் நம் கைப்பேசிகள் ஒரே நேரத்தில் அலறியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆக, கருவிக்குப் பஞ்சமில்லை.

சட்டமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு ராகிங் என்னும் பகடிவதைக்கு ஆளாகிக் கொலையுண்டது நம் தலைமுறையினர் நெஞ்சில் ஆறாத புண். அதனால் 1997ஆம் ஆண்டுப் பகடிவதைத் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் கேரளம் 1998ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் ஒருபடி மேலே சென்று, புகாரைக் கண்டும் காணாதிருக்கும் கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையே என்கிறது. அந்தக் கேரளத்திலேயே, 2024 பிப்ரவரியில், வயநாடு பூக்கோடு கால்நடைக் கல்லூரி மாணவர் ஒருவர் சக மாணவர்களால் நாள்கணக்கில் வதைக்கப்பட்டு விடுதியில் இறந்துகிடந்தார். எத்தனையோ பேர் பார்த்திருந்த வதை அது. பெண்களைப் பொறுத்தவரை, 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகளும் ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு வேண்டும், மூத்த பெண் ஒருவர் அதன் தலைவியாக வேண்டும், வெளியார் ஒருவர் இருக்க வேண்டும், மாணவர் தொடர்பான புகாரில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும், ஆண்டறிக்கை தர வேண்டும் என்கின்றன. அறிக்கை மேலிடத்துக்குச் செல்கிறது. பீடித் தட்டோடு அமர்ந்திருக்கும் தாயின் கைக்கு அது வருவதில்லை.

இன்னொன்றும் பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்னையில் நடந்த குற்றத்துக்குத் தென்காசி அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். “எங்கள் எல்லையில்லை” என்று திருப்பி அனுப்பும் உரிமை காவலருக்கு இல்லை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது.

கணக்கை வெளியிட்டால் கல்லூரியின் பெயர் கெடும் என்பார் உளர். நம் வீட்டையும் விட்டுவைக்காமல் பேசுவோம். திருச்சபையில் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ ஆண்டுகள் இந்த வாதமே ஆண்டது. பெயரைக் காப்பதாக எண்ணிக் குற்றவாளியை ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்கு மாற்றினர். புதிய இடத்துப் பெற்றோருக்கு எவரும் மணி அடிக்கவில்லை. திருத்தந்தை பிரான்சிசு 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ஆணை, ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் புகார் பெறும் ஏற்பாடு வேண்டும் என்றும், அறிந்த குருவும் துறவியும் வாய்மூடி இருத்தல் ஆகாது என்றும் கட்டளையிட்டது. வாள் வருவதைக் கண்டும் எக்காளம் ஊதாத காவல்காரனிடம் இரத்தப்பழி கேட்கப்படும் என்று எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தில் உரைத்தது, பல்கலைக்கழகத்துக்கு முன்னர் நமக்கன்றோ உரைத்தது?

பூச்சியம் என்ற எண் குறித்தும் எச்சரிக்கை தேவை. புகாரே இல்லாத கல்லூரி ஒன்று குற்றமே நடவாத கல்லூரியாக இருக்கலாம். அல்லது, வாய்திறக்க வழியே இல்லாத கல்லூரியாகவும் இருக்கலாம். அந்த மாணவி நம்மிடம் சொன்ன சொல்லை நினைத்தால், இரண்டாவதே மிகுதியாயிருக்கும் என்று அஞ்சுகிறோம்.

ஆகவே, அத்தாயின் கேள்வியை நாமே கையிலெடுத்தோம். மேசைமேல் இருந்த ஐந்து கல்லூரிகளுக்கும் பங்கின் முகவரித் தாளில் எழுதினோம். உள்ளகப் புகார்க் குழுவினர் யார்? மூன்றாண்டுகளில் எத்தனை புகார்கள் வந்தன, எவ்வாறு முடிந்தன? வளாகத்தில் ஆபத்து நேர்ந்தால் மாணவருக்கு யார், எவ்வழியில் அறிவிப்பர்? பெயர் எதுவும் வேண்டா என்றும் குறித்தோம். இரண்டு கல்லூரிகளிலிருந்து விடையே இல்லை. ஒன்று, வண்ணப் படங்கள் நிறைந்த அதே கையேட்டை மீண்டும் அனுப்பியது. ஒன்று, தங்கள் வளாகத்தில் அத்தகைய நிகழ்ச்சி என்றுமே நடந்ததில்லை என்று சற்றுச் சினத்தோடு எழுதியது. ஐந்தாம் கல்லூரியின் முதல்வர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார். ஆண்டுவாரியாகப் புகார்களின் எண்ணிக்கை, அவற்றின் வகை, விசாரணைக்கு ஆன நாள்கள், ஒன்று காவல்துறைக்கு அனுப்பப்பட்டது என்ற குறிப்பு, குழுத் தலைவியின் தொலைபேசி எண், இரவில் விடுதிகளுக்குச் செய்தி அனுப்பும் பொறுப்பாளரின் பதவி எல்லாம் அதில் இருந்தன. ஒரு மாணவியின் பெயர்கூட இல்லை.

கடிதத்தை அத்தாயிடம் படித்துக் காட்டினோம். “புகார் வந்த காலேஜுக்கா சாமி அனுப்பச் சொல்லுதிய?” என்று திடுக்கிட்டார். சற்று நேரம் எடுத்துச் சொன்னோம். மகள் கடிதத்தை வாங்கி இரண்டு பக்கத்தையும் தானே ஒருமுறை படித்தாள். பின்னர், குழுத் தலைவியின் எண்ணைத் தன் கைப்பேசியில் பதிந்துகொண்டு, தாயின் கைப்பேசியிலும் பதிந்தாள். விண்ணப்பத்தில் கையொப்பமிட அத்தாய் நம் பேனாவைக் கேட்டு வாங்கினார்.